பொய் சொல்லத் தெரியாத ஒற்றர்



நரக சதுர்த்தசி விடியுமுன் எழுந்து, எண்ணெய் தேய்த்து நீராடி, புத்தாடை உடுத்திக்கொள்வது எந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்தாலும் நம்மவர் கைவிடாத வழக்கம். மும்பையில் மாதுங்காவிலும் தில்லியில் கரோல்பாகிலும் பிறர் தீபாவளி கொண்டாடுவதற்கு ஒரு நாள் முன்னதாகவே நம் வீடுகளில் பட்டாசுச் சத்தம் கேட்டுவிடும். ஆனால் அந்த நாளில் எண்ணெய்க் குளியலும் புத்தாடையும் இல்லாத தமிழ்க் குடும்பங்களும் உண்டு. கருநாடகத்தில் மேல்கோட்டையைத் தம் ஊராகக் கொண்ட மண்டயம் ஐயங்கார் குடும்பங்களில் பல, அன்று பண்டிகை கொண்டாடுவதில்லை. அவர்களுக்கு அது துக்க நாள்.

மைசூருக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், பாறைக் குன்றுகளின் மேல் அமைந்த சிற்றூர் மேல்கோட்டை. யதுகிரி என்றும் திருநாராயணபுரம் என்றும் வைணவர்கள் போற்றுவது இவ்வூரையே. இராமாநுசர் சோழ நாட்டை விட்டு வந்து இங்கே பன்னிரண்டு ஆண்டுகள் தங்கினார் என்று குருபரம்பரை கூறும். அவரைப் பின்பற்றி வந்து குடியேறியவர்களின் வழியினரே இந்த மண்டயத்தார். வெளி மாநிலத் தமிழர் என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோமே, அந்த வரிசையில் முதலிடத்தை இவர்களுக்குத்தான் தரவேண்டும். ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுக் குடியிருப்பு அல்லவா? வீட்டில் கன்னடம் கலந்த ஒரு தமிழ். கோயிலில் ஆழ்வார்களின் தூய தமிழ். வெளியே முழுக் கன்னடம். கன்னடத்தின் பெருங்கவிஞருள் ஒருவரான பு. தி. நரசிம்மாச்சார் இவ்வூரில் இத்தகைய தமிழ் வீடொன்றில் பிறந்தவர்தாம். மேல்கோட்டைப் புளியோதரையின் புகழை நாம் சொல்ல வேண்டியதில்லை.

துக்கத்தின் காரணத்துக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மைசூர் உடையார்கள் பெயரளவுக்கே அரசர்கள். ஆட்சி ஹைதர் அலியின் கையில் இருந்தது. இழந்த உரிமையை மீட்க விரும்பிய இராணி இலட்சுமி அம்மண்ணி, ஆங்கிலேயரோடு இரகசியமாகத் தொடர்பு கொண்டார். அவருடைய தூதர் மண்டயம் ஐயங்கார் வகுப்பைச் சேர்ந்த திருமலை ராவ். நம் தஞ்சாவூரில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த சல்லிவனுடன் அவர் பேசி, 1782 அக்டோபரில் ஓர் உடன்படிக்கையும் செய்துகொண்டார். அதே ஆண்டு டிசம்பரில் ஹைதர் இறந்தார். டிப்பு சுல்தான் பட்டத்துக்கு வந்தார். இந்த இரகசியத் தொடர்புக்குப் பழி வாங்க, திருமலை ராவின் உறவினரையும் வகுப்பினரையும் டிப்பு ஒரு நரக சதுர்த்தசியன்று கொன்றார் என்பதே மண்டயத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. தூது சென்றவர் தஞ்சையில் பத்திரமாக இருந்தார். தண்டனை ஊரில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது. ஒற்றுத் தொழிலின் கொடுமை இதுதான். செய்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர். இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.

ஆனால் ஊர்களின் நினைவு ஒற்றைத் திசையில் ஓடுவதில்லை. இதே மேல்கோட்டைக் கோயிலில் டிப்பு அளித்தவை என்று பொறிக்கப்பட்ட வெள்ளிப் பாத்திரங்கள் உண்டு. மாலை வேளைத் தீவட்டி வழிபாட்டுக்கு நெடுங்காலமாகச் ‘சலாம்’ என்ற சொல்லே வழங்கிவந்தது. அதை ‘நமஸ்காரம்’ என மாற்ற 2022 டிசம்பரில் முடிவு செய்தார்கள். இன்னும் பழைய கதை ஒன்றும் உண்டு. செல்வப்பிள்ளையின் திருமேனியைப் பிரிய மாட்டாமல் தில்லியிலிருந்து பின்தொடர்ந்து வந்த சுல்தானின் மகள், பீபி நாச்சியார் என்ற பெயரில் இக்கோயிலிலேயே வணங்கப்படுகிறாள். முஸ்லிம் அரசகுலத்துப் பெண் ஒருத்தியைத் தாயாராகக் கொண்டாடும் ஊரில் இருந்துகொண்டு, டிப்புவின் வழியில் வந்த இன்னொரு பெண்ணைப் பற்றி இன்று பேசப்போகிறோம். அவர் பெயர் நூர் இனாயத் கான். இரண்டாம் உலக யுத்தத்தில், ஹிட்லரின் படை பிடித்து வைத்திருந்த பிரெஞ்சு நாட்டில், ஒற்றராகச் சென்று உயிர்துறந்தவர்.

இவருக்கும் மைசூருக்கும் உறவு எப்படி வந்தது? 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் டிப்பு வீழ்ந்தபின், அவர் பிள்ளைகளை ஆங்கிலேயர் வேலூர்க் கோட்டையில் வைத்தனர். 1806-இல் வேலூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் அவர்களைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோயினர். மைசூர் அரியணை மீண்டும் உடையார்களுக்குக் கிடைத்தது. அந்த உடையார் சபைக்கு வடக்கேயிருந்து வந்து, கருநாடக சங்கீதத்தையும் கற்று, பெரிய விருதுகள் பெற்ற வித்துவான் மௌலா பக்ஷ். இவர் மணந்துகொண்டது டிப்புவின் பேத்தியை என்பது அக்குடும்பத்தின் மரபு. மௌலா பக்ஷின் மகள் வயிற்றுப் பேரன், பரோடாவில் 1882-இல் பிறந்த இனாயத் கான். வீணை வித்துவானாகவும் சூஃபி ஞானியாகவும் மேனாடுகளில் பெயர் பெற்றவர். அவருடைய மூத்த மகளே நூர். டிப்புவிலிருந்து ஐந்தாம் தலைமுறை.

நூர் பிறந்தது 1914 ஜனவரியில், ருஷ்யாவின் மாஸ்கோவில். தாயார் அமெரிக்கர். முதல் உலக யுத்த காலத்தில் இலண்டன் வாசம். பிறகு பாரிஸுக்கு அருகே சூரேன் என்னும் இடத்தில் குடும்பம் நிலைத்தது. எந்த ஊர்க்காரர் என்று கேட்டால் ஒரே மூச்சில் விடை சொல்ல முடியாத வாழ்வு. நம் வீட்டுக் குழந்தைகளிடம், “சொந்த ஊர் எது?” என்று யாரேனும் கேட்கும்போது அவர்கள் நம் முகத்தைப் பார்க்கிறார்களே, அந்த நிலைதான், ஆனால் இவருக்கு நான்கு நாடுகள்.

தந்தை தம் மக்களுக்குக் கற்பித்தவை இரண்டு: எவ்வுயிருக்கும் தீங்கு எண்ணாமை, பொய்யாமை. 1927-இல் தில்லியில் அவர் காலமானார். தாயார் துயரத்தில் முடங்கிவிட, பதின்மூன்று வயதுப் பெண் மூன்று தம்பி தங்கையருக்குத் தாயானாள். வளர்ந்தபின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் குழந்தை உளவியல் படித்தார், இசை பயின்றார், குழந்தைகளுக்குக் கதை எழுதினார். அவருடைய கதைகள் பாரிஸ் வானொலியிலும் ஒலிபரப்பாயின. புத்த ஜாதகக் கதைகள் இருபதை அவர் ஆங்கிலத்தில் திரும்ப எழுதிய நூல் 1939-இல் இலண்டனில் வெளிவந்தது. தன் கூட்டம் தப்பிச் செல்வதற்காகத் தன் உடலையே பாலமாக்கிய குரங்கரசனின் கதை அதில் முதலாவது. யுத்தம் மூண்டதும் அதே ஆண்டில்தான்.

1940 ஜூனில் ஜெர்மானியப் படை பாரிஸை நெருங்கியது. அப்போது நூருக்கும் அவர் தம்பி விலாயத்துக்கும் இடையே நடந்த பேச்சுத்தான் நம் கதைக்கு அடிப்படை. அகிம்சையில் வளர்ந்தவர்கள் இந்த யுத்தத்தில் என்ன செய்வது? ஆயுதம் எடுத்தால் தந்தையின் வாக்கு போயிற்று. எடுக்காவிட்டால், யூதர்களையும் மற்றவர்களையும் கொன்று குவிக்கும் ஓர் ஆட்சிக்கு வழிவிட்டதாகும். ஒதுங்கி நின்று கையைத் தூய்மையாக வைத்துக்கொள்வது அகிம்சையாகுமா? இந்தியாவிலும் அந்நாளில் இதே கேள்வி பெரியோரை வருத்திக்கொண்டிருந்தது. இருவரும் கண்ட முடிவு இது: தாம் கொல்லாமல், தம் உயிருக்கு ஆபத்து மிகுந்த வேலையை மேற்கொள்வது. இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றபின் தம்பி கடற்படையில் கண்ணிவெடி அகற்றும் பணியை நாடினார். தமக்கை 1940 நவம்பரில் விமானப்படையின் பெண்கள் துணைப்பிரிவில் சேர்ந்து, கம்பியில்லாத் தந்தி கற்றார்.

ஆங்கிலேயருக்கு உழைத்தாரே, இந்திய விடுதலையை மறந்தாரோ என்று கேட்கத் தோன்றும். பதவி உயர்வுக்கான நேர்காணலில் அதிகாரிகளே அதைக் கேட்டார்கள். யுத்தம் முடியும்வரை தம் உழைப்பு இவர்களுக்கு என்றும், முடிந்தபின் இந்தியாவின் விடுதலைப் பக்கம் நிற்கத் தயங்கப்போவதில்லை என்றும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். வேலை வேண்டிப் போன இடத்தில் இப்படிப் பேசுகிறவர் உண்டா? உண்மையை ஒளிக்கத் தெரியாத குணம் அங்கேயே வெளிப்பட்டது.

1942 நவம்பரில், எதிரி நாட்டுக்குள் இரகசியமாக ஆட்களை அனுப்பும் அமைப்பொன்று அவரை அழைத்தது. நேர்கண்ட செல்வின் ஜெப்சன் எதையும் மறைக்கவில்லை. சீருடை இல்லை, பிடிபட்டால் போர்க்கைதிக்குரிய பாதுகாப்பும் இல்லை, விசாரணை உண்டு, மரணமும் உண்டு என்றார். நூர் உடனே இசைந்தார். அஞ்சியது தம் தாயாரைக் குறித்து மட்டுமே. ஒற்றர் ஆகவேண்டும் என்று அவர் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. பிரெஞ்சு மொழியைத் தாய்மொழிபோலப் பேசுவதும், தந்தி அனுப்பத் தெரிவதும் சேர்ந்து அவரை அங்கே இழுத்துச் சென்றன.

நம் திருவள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். வாய்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டையும் ஒரே உள்ளத்தில் வைக்க முயன்றவரின் பாடு எப்படியிருக்கும் என்பதைப் பயிற்சிக் கூடத்தில் கண்டார்கள். போலி விசாரணை ஒன்று நடத்திப் பார்த்தபோது அச்சத்தில் அவர் குரலே எழவில்லை. தெருவில் நிறுத்திக் கேட்ட காவலரிடம், தாம் பயிற்சி பெறும் இரகசியப் பணியாளர் என்று சொல்லிவிட்டாராம். இந்தக் கதையைக் கூறுபவர், குறிமுறைகளைக் கற்பித்த லியோ மார்க்ஸ். அவர் நூரின் ஜாதகக் கதைகளைப் படித்துப் பார்த்த பிறகே இந்த மாணவியைப் புரிந்துகொண்டார். இவ்வேலைக்கு இவர் ஏற்றவர் அல்லர் என்று பயிற்சித் தலைவர் எழுதினார். மேலிடம் அதைப் பொருட்படுத்தவில்லை. தந்தியாளர்களுக்குப் பஞ்சம், பயிற்சி முடியுமுன்பே அனுப்பிவிட்டார்கள். இது நியாயமா என்ற கேள்விக்கு எழுபது எண்பது ஆண்டுகளாக விடை தேடுகிறார்கள். நியாயமில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

1943 ஜூன் 16-ஆம் தேதி இரவு, நிலா வெளிச்சத்தில், சிறு விமானம் ஒன்று அவரைப் பிரான்ஸின் வயல்வெளி ஒன்றில் இறக்கியது. அந்நாட்டுக்கு அவ்வமைப்பு அனுப்பிய முதல் பெண் தந்தியாளர் அவரே. மறைபெயர் ‘மதலேன்’. பாரிஸ் வந்து ஒரு வாரம்தான். அவர் சேர வேண்டிய பெரிய இரகசியக் குழுவின் தலைவரும் தந்தியாளரும் பிடிபட்டனர். அடுத்தடுத்துப் பலர் சிக்கினர். திரும்பி வந்துவிடலாம் என்று இலண்டன் சொல்லியனுப்பியது. தாம் போனால் பாரிஸிலிருந்து இலண்டனுக்குச் செய்தி சொல்ல ஒருவரும் இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். அஞ்சி நடுங்கியவர் என்று குறிக்கப்பட்ட பெண் இவர்.

இந்த உரையை வானொலியில் கேட்கும் நமக்கு ஒலிபரப்பு என்பது எளிய செயல். அன்று அதன் நிலைமை வேறு. பெட்டியில் அடங்கிய கருவியின் எடை ஏறத்தாழ 15 கிலோ. இருபது மீட்டருக்குக் குறையாத கம்பியை மரத்திலோ மாடியிலோ கட்டினால்தான் அலை எழும்பும். அலை எழுந்த கணமே, திசை காணும் கருவி பொருத்திய ஜெர்மானிய வண்டிகள் தெருத்தெருவாக நெருங்கத் தொடங்கும். இருபது நிமிடத்துக்கு மேல் ஓரிடத்தில் தங்கினால் ஆபத்து. இத்தகைய தந்தியாளர் சராசரியாக ஆறு வாரமே தாங்குவர் என்று கணக்கிட்டிருந்தார்கள். நூர் மூன்று மாதத்துக்கு மேல் தாங்கினார். வீடு மாற்றினார், தலைமுடியின் நிறம் மாற்றினார், பெட்டியைச் சுமந்துகொண்டு நகரெங்கும் அலைந்தார். ஒருமுறை சுரங்க இரயிலில் இரண்டு ஜெர்மானியர் பெட்டியில் என்ன என்று கேட்டார்கள். சினிமாக் கருவி என்று சொல்லித் திறந்தே காட்டினாராம். அவர்களும் நம்பிப் போனார்கள்! பொய் சொல்லத் தெரியாதவர் கற்றுக்கொண்டுவிட்டார்.

அக்டோபர் நடுவில் அவர் பிடிபட்டார். பணத்துக்காகக் காட்டிக்கொடுத்ததாக யுத்தத்தின் பின் ஒரு பெண்மீது வழக்கு நடந்து, விடுதலையில் முடிந்தது.

இங்கே ஒரு கசப்பான செய்தியைச் சொல்லியாக வேண்டும். நூர் தாம் அனுப்பிய செய்திகளையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். செய்திகளைக் கவனமாகக் கையாளும்படி அவருக்குத் தரப்பட்ட கட்டளையில், ‘அனுப்புதல்’ என்றும் ‘சேர்த்து வைத்தல்’ என்றும் இரு பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல் இருந்தது என்றும், அவர் இரண்டாம் பொருளைக் கொண்டார் என்றும் வரலாறு எழுதியோர் கருதுகின்றனர். அக்குறிப்பேடு ஜெர்மானியர் கையில் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு, நூரே பேசுவதுபோல அவர்கள் இலண்டனுக்குத் தந்தி அடித்தார்கள். இலண்டன் நம்பிற்று. 1944 பிப்ரவரி 29-ஆம் தேதி மூவர் பாராசூட்டில் இறங்கினர். கீழே காத்திருந்தவர்கள் ஜெர்மானியர். மூவரில் ஒருவர் பிரெஞ்சுப் பெண், மதலேன் தாமர்மான். நூரின் மறைபெயரே இவருடைய இயற்பெயர். இதை மறைத்துவிட்டு நூரைப் புகழ்வது அவருக்கு மரியாதை ஆகாது. மேல்கோட்டையார் அறிந்த கணக்குத்தான் இது. பிழை ஓரிடம், விலை வேறிடம்.

பாரிஸில் அவென்யூ ஃபோஷ் என்னும் வீதியின் 84-ஆம் எண் வீடு ஜெர்மானியப் பாதுகாப்புப் பிரிவின் தலைமை இடம். அங்கே வைத்து வாரக்கணக்கில் விசாரித்தார்கள். அப்பிரிவின் தலைவராக இருந்த கீஃபர், யுத்தம் முடிந்தபின் சாட்சியம் அளித்தபோது, நூரிடமிருந்து ஒரு செய்தியும் பெற முடியவில்லை என்றும், அவர் தொடர்ந்து பொய்யே சொன்னார் என்றும் ஒப்புக்கொண்டார். சூஃபியின் மகளுக்கு எதிரியின் வாயிலிருந்து கிடைத்த நற்சான்று, பொய் சொன்னார் என்பது!

நவம்பர் 25-ஆம் தேதி இரவு, வேறு இரு கைதிகளோடு அறைக்கம்பியைப் பெயர்த்துக் கூரை வழியே தப்பினார். அந்த நேரம் பார்த்து விமானத் தாக்குதல் அபாயச் சங்கு ஊதியது. காவலர் அறைகளைச் சோதித்தனர், மூவரும் அகப்பட்டனர். இனித் தப்ப முயல்வதில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டால் பாரிஸிலேயே இருக்கலாம் என்றார்கள். நூர் மறுத்தார். பகைவனுக்குக்கூடப் பொய் வாக்குறுதி எழுதித்தர அவர் கை வரவில்லை. பிறர் உயிரைக் காக்கப் பொய். தம் உயிரைக் காக்க அது கூடாது. இப்படி ஓர் எல்லையை அவர் தமக்குள் வகுத்துக்கொண்டிருந்தார் என்றே நாம் கொள்கிறோம்.

அதன் விளைவு, ஜெர்மனியில் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறை. பத்து மாதம் தனியறை. கையிலும் காலிலும் சங்கிலி. உணவுக் கிண்ணத்தின் அடியில் தம் பெயரையும், இலண்டன் டாவிட்டன் தெரு நான்காம் எண் என்ற தாயாரின் முகவரியையும் கீறி, அடுத்த அறைப் பிரெஞ்சுப் பெண்களுக்கு அறிவித்தார். 1944 செப்டம்பரில் அவரையும் வேறு மூன்று பெண்களையும் டாக்காவ் முகாமுக்குக் கொண்டுசென்று, 13-ஆம் தேதி காலையில் சுட்டுக் கொன்றார்கள். அந்த மூவரில் ஒருவர் மதலேன் தாமர்மான். ஒரே நாளில், ஒரே இடத்தில். நூருக்கு வயது முப்பது.

பிரான்ஸ் 1946-இலும் பிரிட்டன் 1949-இலும் அவருக்கு உயர்ந்த வீர விருதுகளை அளித்தன. 2012-இல் இலண்டன் கோர்டன் சதுக்கத்தில் மார்பளவுச் சிலை நிறுவப்பட்டது. கிண்ணத்தில் கீறிய அந்த டாவிட்டன் தெரு வீட்டில் 2020-இல் நினைவுப் பலகை பதித்தார்கள். ஜாதகக் கதைகள் மறுபதிப்புகள் கண்டிருக்கின்றன. பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாம்.

தில்லியில் வாழும் நேயர்கள் நிஜாமுத்தீன் பக்கம் செல்லும்போது, தந்தை இனாயத் கானின் சமாதியைக் காணலாம். வாரந்தோறும் அங்கே கவ்வாலி பாடுகிறார்கள். மகளுக்குச் சமாதி இல்லை. டாக்காவ் முகாமின் எரியூட்டும் கூடத்தில் நான்கு பெண்களின் பெயர்களைத் தாங்கிய ஒரு பலகை இருக்கிறது.